இரண்டு போன்களில் ஒரு கடை

சுன்னாகத்தில் என் கணவரும் அவருடைய அண்ணரும் சேர்ந்து நடத்திய வெல்டிங் கடை பிரிந்தபோது, கடையின் இணையப் பெயர் யாருக்கு என்று ஒருவரும் பேசவில்லை. பெயரைப் பதிந்தது நான். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுபவர்கள் இரும்புக் கேற்றுக்கும் யன்னல் கிறிலுக்கும் அந்தப் பெயரில் உள்ள பக்கத்தைப் பார்த்துத்தான் போன் எடுப்பார்கள். பக்கத்தில் யாருடைய நம்பர் இருக்கிறதோ, வேலை அவருக்கு.

"எங்கடை புதுப் பக்கத்துக்கு மாத்திவிடும்," என்றார் கணவர்.

"அத்தானிட்டைக் கேட்டனீங்களே?" அவருடைய அண்ணரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன்.

"நான் கதைக்கிறன். நீர் மாத்தும்."

கேட்காமல் மாற்றலாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். பிறகு மாற்றினேன். டிஎன்எஸ் என்கிற இணையப் பெயர்ப் பதிவேட்டில் அது சின்ன வேலை. இந்தப் பெயரைத் தேடி வருபவர்களை இனிப் புதிய சேர்வருக்கு அனுப்பு என்று ஓர் எண்ணை மாற்றி எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பழைய எண்ணை ஞாபகத்தில் வைத்திருக்கும் இணைப்புகள் அதை மறக்க நேரம் எடுக்கும். அதுவரை ஒருவருக்குப் பழைய பக்கம் தெரியும், இன்னொருவருக்குப் புதியது. கணவரிடம் இதையும் சொன்னேன். "ஓம், ஓம்," என்றார். காதில் விழுந்ததோ தெரியாது.

மறுநாள் காலை அத்தான் கொக்குவிலில் எங்கள் கேற்றை உதைத்துத் திறந்துகொண்டு வந்தார். ஒரு கையில் போன், மறு கையில் இரும்புக் குழாய். வரும் வழியிலேயே பூச்சாடிகளை அடித்து நொறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"என்ரை நம்பர் எங்கையடா? என்ரை படம் எங்கை? ஒரேயடியாச் சாகடிச்சுப் போட்டியே?"

கணவர் தன் போனைத் திறந்தார். அதில் பழைய பக்கம். அண்ணனும் தம்பியும் தோளில் கைபோட்டு நிற்கிற படம்.

"ஒண்டும் மாத்தேல்லை. கண் கிடந்தால் பாருங்கோ, அண்ணை."

அவர் பொய் சொல்லவில்லை. தன் போனில் பழையதே தெரிந்ததால், நான் இன்னும் மாற்றவில்லை என்றே நினைத்திருந்தார். அத்தான் தன் போனை அவருடைய மூக்கில் இடிக்கிறமாதிரி நீட்டினார். அதில் கணவர் மட்டும்.

"அப்ப இது என்ன, பேயோ?"

"எனக்கு அடிக்கிறதுக்கு நீங்கள் செய்த கள்ள வேலை."

குழாய் சுவரில் விழுந்தது. சாந்து பெயர்ந்து தலையில் கொட்டியது. அத்தான் என்னிடம் திரும்பினார்.

"பிள்ளை, நீ படிச்சனி. சொல்லு, எது உண்மை?"

மாற்றினேன் என்றால் கணவருக்கு அடி விழும். இல்லை என்றால் பொய். "ரெண்டும் உண்மை, அத்தான்," என்றேன். அதைவிடச் சரியான பதில் இல்லை. அதைவிடப் பிழையான பதிலும் இல்லை.

"எனக்கே பகிடி விடுறியோ?"

குழாய் கணவரின் மணிக்கட்டில் இறங்கியது. முருங்கைக் கொப்பு முறிகிறமாதிரி ஒரு சத்தம். அவர் குந்திவிட்டார். குழாய் மறுபடி உயர்ந்தபோது அறைக்குள் இருந்து என் மூன்று வயது மகள் "பெரியப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அவர் வந்தால் அவளைத் தூக்கிச் சுற்றுவது வழக்கம்.

அத்தான் அவளைக் கண்டாரோ, கண்டு நிறுத்தியிருப்பாரோ, இன்றும் எனக்குத் தெரியாது. மேசையில் இருந்த லப்டொப்பை இரண்டு கையாலும் தூக்கி, அதன் விளிம்பால் அவருடைய நெற்றியில் அடித்தேன். அந்த ஓர் அடியிலேயே குழாய் கீழே விழுந்துவிட்டது. நான் இரண்டாவது தரமும் அடித்தேன். இரத்தம் அவருடைய கண்ணுக்குள் இறங்கியது. மகள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் இருவரையும் ஒரே வாட்டில் போட்டார்கள். இரண்டு கட்டில்கள் தள்ளி, தலையில் தையலோடு அத்தான் கண்ணை மூடிக் கிடந்தார். கணவர் தன் போனை என்னிடமிருந்து இடக்கையால் வாங்கிப் பக்கத்தைத் திறந்தார். அதிலும் இப்போது புதியது.

"பாத்தனீங்களோ அண்ணை?" என்றார் உரத்து. "இப்பதான் மாறியிருக்கு. நான் சொன்னது உண்மை."

அத்தான் கண்ணைத் திறக்கவில்லை.

"முதல் அந்தக் கை சுகமாகட்டுமடா. பிறகு மற்றக் கையைப் பாக்கிறன்."

கணவர் சிரித்தார். மகள் என் மடியில் இருந்து வழுகி இறங்கி, பெரியப்பாவின் கட்டிலை நோக்கிப் போனாள். நான் எட்டி அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டைத் தையல் பிரிந்து துணி கையோடு வந்தது.