கண்டே நவமிக்கு அணைத்த பெட்டி

நெட்வொர்க் ஸ்விட்ச் பார்த்துக்கொள்ளும் வேலை என்று சொன்னால், "ஓ, லைட் போடுகிற ஸ்விட்சா?" என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இல்லைங்க. ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேச நடுவில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். எல்லா வயரும் அதில்தான் வந்து சேரும். அது படுத்துவிட்டால் சம்பளமும் போடமுடியாது, சரக்கும் வெளியே போகாது. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில், புனே பக்கம் போசரியில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அந்தப் பெட்டிக்கு நான்தான் பொறுப்பு.

கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள் நான். வீடு கோந்த்வாவில். கம்பெனி முழுக்க மராத்தியும் இந்தியும்தான். தமிழில் திட்டவும் சிரிக்கவும் ஒரே ஓர் ஆள் இருந்தார், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். திருநெல்வேலிக்காரர், அதனால் எனக்கு அண்ணாச்சி. அவர் மனைவியை அக்கா என்பேன். திங்கட்கிழமை தவறாமல் அக்கா எனக்கென்று ஒரு டப்பாவில் சொதி கொடுத்தனுப்புவார். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸில் கிடக்கும் மனுஷி. தேங்காய்ப்பால் அவருக்கு ஆகவே ஆகாது. தான் ஒரு வாய் சாப்பிட முடியாத சொதியை எனக்காக வைப்பார். போனில் பேசினால், "என்ன, வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' போடுதியே, வாய் வலிக்கலியா?" என்று கேலி பண்ணுவார்.

டயாலிசிஸ் செலவு முழுவதையும் கம்பெனியின் மருத்துவ அட்டைதான் பார்த்துக்கொண்டது. அந்த வருஷம் கம்பெனியில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்ன சாக்குக் கிடைத்தால் போதும், கையில் ஓலையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அண்ணாச்சி வேலை போனால் அட்டையும் போகும், அக்காவும் போய்விடுவார். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

தசரா அன்று காலை. கம்பெனிக்கு விடுமுறை. நான் வடைக்கு ஊறப்போட்ட பருப்பை அரைத்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நம்ம பெட்டி முழிக்க மாட்டேங்கு."

"முழிக்கிறதுக்கு அதென்னங்க, தூங்குச்சா?"

"நான்தாம்மா தூங்க வச்சேன்."

முந்தின நாள் கண்டே நவமி, நம் ஆயுத பூஜை. போசரியில் எல்லாப் பட்டறையிலும் மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் செண்டுமல்லி மாலை போட்டுத் தேங்காய் உடைப்பார்கள். மராத்திக்காரர்கள் கும்பிட்டு முடித்த கையோடு பட்டனைத் தட்டி ஓடவிடுவார்கள். அண்ணாச்சி ஊர் வழக்கம் அப்படியில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. நான் அன்று லீவு. சர்வர் அறைச் சாவி அவரிடம். பெட்டிக்குச் சந்தனம் இட்டு, பூ வைத்து, கடைசியில் அதையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

பருப்பை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டேதான் போனேன். நேரில் பார்த்ததும் இன்னும் கத்தினேன்.

"உங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? வாங்கி வச்ச நாள்ல இருந்து அதை யாராச்சும் அணைச்சிருக்காங்களா?"

அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. "ராவும் பகலுமா ஓடுது, பாவம். ஒரு நாளாவது கண்ண மூடட்டுமேன்னு நெனச்சேன்மா. உங்க அக்காவுக்கும் சேத்துத்தான் கும்பிட்டேன்."

ஸ்கூட்டிச் சாவியை மேஜையில் போட்டுவிட்டு டெஸ்டரை எடுத்தேன்.

மறுநாள் காலை மேனேஜர் வருவதற்குள் பெட்டி ஓடவேண்டும். ஒன்றும் நடக்காததுபோல் ஓடவேண்டும். சுவர் பிளக்கில் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், கரண்ட் இருந்தது. பவர் வயரை மாற்றினேன், பலனில்லை. பட்டனைப் போட்டால் விளக்கெல்லாம் ஒருமுறை மினுக்கென்று எரியும், பின்னால் ஃபேன் அரைச் சுற்று சுற்றும், உடனே எல்லாம் அடங்கிவிடும். மறுபடி மினுக். மறுபடி அடங்கும். உட்கார்ந்து எழ முயன்று முயன்று தோற்கிற ஆள்போல இருந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு மினுக்குக்கும், "வந்துட்டு, வந்துட்டு" என்பார். "சும்மா இருங்க" என்று அதட்டுவேன்.

ஏதாவது ஒரு பாகம் கெட்டுப்போய் மொத்தத்தையும் இழுத்துப் பிடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். எல்லா வயரையும் பிடுங்கினேன். எது எங்கே என்று அவர் சீட்டுக் கிழித்து ஒட்டிக்கொண்டே வந்தார். பெட்டியில் செருகியிருந்த சர்க்யூட் பலகைகளை ஒவ்வொன்றாக உருவினேன். வெறும் கூடாக நிறுத்தி பட்டனைப் போட்டேன். அதே மினுக், அதே அடக்கம். அப்படியென்றால் கோளாறு மின்சாரம் கொடுக்கிற பாகத்திலேதான்.

அதைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கிற கெப்பாசிட்டர்கள் தலை உப்பிப்போய் நின்றன. வருஷக்கணக்காகச் சூட்டிலேயே ஓடித் தாக்குப்பிடித்தவை. ஒரு ராத்திரி ஆறியதும் மறுபடி எழுப்பத் தெம்பில்லை. அணைக்காமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். இதை அவரிடம் சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் உப்பலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தானாகவே கேட்டார்.

"அணைச்சதுதான் வினையா?"

"ஆமாங்க."

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "பழைய கட்டிடத்துல இருந்து கழட்டிட்டு வந்த பெட்டி ஒண்ணு காயலான் சாமானோட கெடக்கு. இதே மாதிரிதான் இருக்கும்" என்றார். தூக்கிப்போடச் சொன்ன எதையும் தூக்கிப்போடாத மனுஷன். அதற்காக நானே அவரை எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கிறேன். இரண்டு பேருமாகச் சாக்குகளை நகர்த்தி, தூசியில் தும்மித் தும்மி அதை இழுத்து வந்தோம். அதே மாடல். பாகத்தைக் கழற்றி இதில் மாட்டினேன். பட்டனைப் போட எனக்குக் கை வரவில்லை.

"நீங்க போடுங்க, அண்ணாச்சி."

அவர் கும்பிட்டுவிட்டுப் போட்டார். ஃபேன் நிற்காமல் சுற்றியது. முகப்பு விளக்கு ஆரஞ்சில் நின்றது. பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரம் அது. ஆரஞ்சிலேயே நின்றுவிட்டால் கதை முடிந்தது. இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. பச்சைக்கு மாறியது. பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகினேன், அவை எல்லாமும் பச்சை. அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். எனக்கும் அழுகை வந்தது. "எந்திரிங்க, எந்திரிங்க, வயர் மாட்டோணும்" என்று அதட்டி மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் மேனேஜர் சிரித்தபடி வந்து, தங்கம் என்று சொல்லி ஆளுக்கொரு ஆப்டா இலை கொடுத்தார். மராத்திக்காரர்களின் தசரா வழக்கம் அது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணாச்சி வேலை தப்பியது. அட்டை தப்பியது. சொதி வந்துகொண்டிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் சொதி நின்றுபோனது. அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சுவிட முடியாமல் வெண்டிலேட்டரில் வைத்தார்கள். ஒரு மத்தியானம் அண்ணாச்சி வரச்சொன்னார் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக் கதவருகே நின்றிருந்தார். ஷேவ் செய்து பல நாளாகியிருக்கும்.

"மூச்சு நின்னதுல மூளை செத்துட்டுங்காங்கம்மா. மெஷினுதான் மூச்சு விடுதாம். கையெழுத்துப் போட்டா அணைச்சுருவோம்ங்காங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ ஒரு தடவ உள்ள வந்து பாரும்மா. பிளக்கு, வயரு எல்லாம். அன்னைக்கு நம்ம பெட்டியவும் வேற யாராவது பாத்திருந்தா செத்துட்டுன்னுதான் சொல்லியிருப்பாங்க. நீதான் ஒவ்வொண்ணா கழட்டி எழுப்புன."

அது வேற, இது வேற அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் கதவைத் திறந்து பிடித்திருந்தார். உள்ளே போனேன்.

அக்கா மிகவும் சின்னதாகிப் போயிருந்தார். கட்டிலுக்குப் பின்னால் குனிந்தேன். "தாயி, காய் கர்த்தா?" என்று நர்ஸ் ஓடிவந்தாள், என்ன செய்கிறீர்கள் என்று. அண்ணாச்சி அவளிடம் கைகூப்பினார். அவள் தள்ளி நின்றாள். எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்தேன். பிளக் இறுகத்தான் இருந்தது. வயரில் மடிப்பில்லை. மெஷினின் முதுகுப்பக்கம் உள்ளங்கையை வைத்தேன், ஃபேன் காற்று சீராக வந்தது. ஒவ்வொரு விளக்காகப் பார்த்தேன். ஆரஞ்சு ஒன்றுகூட இல்லை. பொய் சொல்லவும் வழியில்லாமல் அழுகையாக வந்தது. நிமிர்ந்தேன்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க, அண்ணாச்சி. எல்லாம் பச்சையாத்தான் எரியுது."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்துட்டனுங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். அக்காவின் நெற்றியில் கலைந்திருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் சரிசெய்தார். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பிப் பேனா கேட்டார்.