குளிக்காமல் பஸ் ஏறிய நாள்

அறுபதுகளின் கடைசியில் பம்பாயில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய இயந்திரம் ஒன்று, சிறியது ஒன்று. இரண்டிலும் ஒரே புரோகிராம் ஓட வேண்டும். நான் எழுதியதோ ஓடும்போது படிக்குப் படி 'இது எந்த இயந்திரம்?' என்று பார்த்து வழி மாறும். இரண்டு வழிகளையும் சுமந்ததால் சிறியதன் நினைவகத்தில் அடங்கவே இல்லை. அந்தக் கவலையோடுதான் விடுப்பில் தென்காசிக்கு வந்தேன்.

குற்றாலத்தில் நல்ல சாரல். அடிவாரத்தில் எண்ணெய் தேய்ப்பவர் ஒருவரைக் கூப்பிட்டேன். என் வயதுதான் இருக்கும். சளி உண்டா, சூட்டு உடம்பா என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"தேய்க்கக் கூப்பிட்டா வைத்தியம் பாக்கீரே வே!" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் சிரித்தபடி, விதவிதமான எண்ணெய்கள் இருந்த கூடையிலிருந்து ஒரே ஒரு குப்பியை எடுத்தார். "எல்லாத்தையும் தூக்கிட்டு வழுக்குப் பாறையில ஏற முடியுமா அண்ணாச்சி? இங்கனயே கேட்டுட்டா ஒண்ணு போதும்லா."

பாறையில் அவர் எண்ணெய் தேய்த்து என் முதுகைத் தட்டும்போதுதான் உறைத்தது. புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும்போதே எந்த இயந்திரம் என்று சொல்லிவிட்டால், வேண்டாத பகுதி உள்ளேயே போகாதே! அந்த வசதி கையேட்டிலேயே இருந்தது, நான்தான் புரட்டவில்லை.

துள்ளி எழுந்தேன். "ஏ அண்ணாச்சி, குளிக்கலையா?" என்று அவர் கத்தக் கத்த, எண்ணெய் வடிய பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து எழுதி முடித்தேன்.

பம்பாயில், புரோகிராமை இயந்திரத்துக்கான அட்டைகளில் துளையிட்டுப் பதியும் தமிழ்ப்பெண் என் தாளைத் தூக்கிப் பார்த்து, "பஜ்ஜி மடிச்ச பேப்பரா சார்?" என்றாள். புரோகிராம் கச்சிதமாக அடங்கியது.

இப்போதெல்லாம் தொடங்கும் முன்பே யாராவது கேள்வியாய்க் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. முதுகில் சுகமாக எண்ணெய் இறங்குகிறது.