ஏழாவது குளம்

தாரகன் அண்ணை ஜெர்மன் நகரமான வுப்பர்டாலில் டைல்ஸ் பதிப்பவர். நானும் அவரும் வியாழக்கிழமைகளில் நீச்சல் பழகும் தடாகத்தின் அடியில் தெரியும் நீலச் சதுரங்களில் பாதி அவர் கையால் ஒட்டியவை. "தண்ணி விடமுதல் இதுக்குள்ள சப்பாத்தோட நடந்து திரிஞ்சனான், தம்பி. அப்ப நான்தான் ராசா" என்பார். முப்பத்தெட்டு வயதில், நெஞ்சளவு தண்ணீரில், கரைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு சொல்வார்.

யாழ்ப்பாணத்தில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்தவர். மனைவி நிருஷா அக்கா இங்கே பிறந்தவர். ஆறு வயதிலேயே நீந்திக் காட்டி, கடல்குதிரைச் சின்னம் வாங்கி உடுப்பில் தைத்துக்கொண்டவர். பத்து வருடக் கலியாண வாழ்க்கையில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. லீவு என்றால் லண்டனில் மச்சாள் வீடு, பாரிஸில் சித்தப்பா வீடு. போன மாசியில்தான் முதல் தடவையாக, சொந்தக்காரர் ஒருவருமே இல்லாத நாட்டுக்கு இருவரும் போனார்கள்: குவாத்தமாலா.

காட்டுக்குள் ஓர் ஆறு. அது படிப்படியாக இறங்கிப் பச்சைக் குளங்களாகத் தேங்கி நிற்கிறது. அக்கா முதல் குளத்தில் குதித்தார். அண்ணை பாறையில் குந்தினார். கூட வந்தவர்கள் தங்கள் பைகளையும் செருப்புகளையும் அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனார்கள். வழுக்கும் இடங்களில் வழிகாட்டி மாத்தேயோ கை நீட்டினான். அக்கா அதைப் பிடித்து அடுத்த குளத்துக்குப் போனார்.

"எத்தனை குளம், அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏழு."

"ஏழிலயும் அவன் கையைப் பிடிச்சவனோ?"

"ஆறில. ஏழாவது தெரியேல்லை, மரம் மறைச்சுப்போட்டுது."

அந்த மரத்தை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் மாயர்களின் பழைய கோயில்கள். கல்வேலை என்றால் தன் முறை வரும் என்று அண்ணை நம்பியிருந்தார். ஒரு படியில் மண்டியிட்டு, இரண்டு கல்லுக்கு நடுவில் நகத்தை விட்டுப் பார்த்து, "இஞ்ச பாரும் நிருஷா, இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இடைவெளி ஒரே அளவு" என்று திரும்பினார். அக்கா உச்சிப் படியில் மாத்தேயோவுடன் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் அக்கா குளத்தில் எடுத்த படமொன்றைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். படத்தில் அவர் சிரிக்கிறார். ஓரத்தில் முழங்கை வரை ஒரு கை. முகமில்லாத கை என்பதால் அண்ணை அதற்கு நாளுக்கொரு அழகான முகம் வைத்துப் பார்த்தார். ஆட்கள் வந்தால், அந்தக் கை மறையும்படி கதிரையை இழுத்துப் போட்டு இருப்பார்.

"வாற மாசியும் போவம்" என்றார் அக்கா. "நீந்தத் தெரிஞ்சால் வாங்கோ. ஏலாதெண்டால் நான் தங்கச்சியோட போறன்."

அடுத்த நாளே அண்ணை பயிற்சிக்குப் பதிந்தார்.

பயிற்சி முடிவில் ஒரு சோதனை; இருபத்தைந்து மீற்றர் நீந்த வேண்டும். அன்று அக்காவும் வந்து, அண்ணையின் பையையும் துவாயையும் மடியில் வைத்துக்கொண்டு கரையோர வாங்கில் குந்தியிருந்தார். ஆசிரியை மக்டலீன் தொடங்குமுன் ஓர் ஒத்திகை பார்த்தார். வழக்கம்போல ஒரு கையை அண்ணையின் நாடிக்குக் கீழும் மற்றதை வயிற்றுக்குக் கீழும் கொடுத்து, மெல்ல மிதக்கவிட்டுக் கூட்டிப்போனார். அக்கா துவாயை மடித்தார். விரித்தார். திரும்ப மடித்தார்.

சோதனையில் அண்ணை பாதித் தூரம் நன்றாகத்தான் போனார். பிறகு வாங்கைத் திரும்பிப் பார்த்தார். அக்காவின் முகத்தில் என்ன கண்டாரோ, வாய் நிறையச் சிரித்தார். தண்ணீர் உள்ளே போனது. மக்டலீன் நீட்டிய கம்பைப் பிடித்துக் கரையேறினார்.

"பெயிலோ?" என்றார் அக்கா.

"ஓம். இன்னும் பத்து வியாழன் வரவேணும்." தோற்ற ஆள் அவ்வளவு சந்தோசமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"எல்லா வியாழனும் இப்பிடித்தான் பிடிக்கிறவவோ?"

"அது அவவின்ர வேலையப்பா."

"மாத்தேயோவுக்கும் அது வேலைதான். அதுக்கு இவ்வளவு நாளும் மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிஞ்சியள்." துவாயை அவர் தோளில் எறிந்தார். "வாற வியாழன் நான் பழக்கிறன். அவவின்ர கை தேவையில்லை."

சொன்னபடி வந்தார். நான் பக்கத்து வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் அடித்தேன். அக்காவின் உள்ளங்கையில் நாடியை வைத்து அண்ணை மிதந்தார். ஐந்தாறு தரம் கை வீசியிருப்பார்.

"அவனும் இப்பிடித்தான் பிடிச்சவனோ?"

அக்கா கையை எடுத்துவிட்டார். அண்ணை தான் பதித்த நீலச் சதுரங்கள் வரை போனார். எழும்பி, மூக்கால் தண்ணீர் வழிய, இருமி முடித்துவிட்டுக் கேட்டார்:

"அந்த ஏழாவது குளத்தில?"