மேபலுக்குக் கொடுக்காத அப்பம்

வைஹோரா என்ற தீவு ஊரின் உபதேசியார் ஜாஸ்பர் வாரோவைத் திருச்சபைச் சட்டத்திலிருந்து இம்மியும் அசைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. பாதிரியாரின் படகு எப்போதாவதுதான் வரும். அவர் ஆசீர்வதித்து வைத்துவிட்டுப் போகும் திருவிருந்து அப்பத்தை ஞாயிறுதோறும் ஊருக்குக் கொடுப்பது ஜாஸ்பர்தான். ஒரே நிபந்தனை, வாங்குகிறவர் தலையில் பேராயர் கைவைத்துத் திடப்படுத்தல் சடங்கு செய்திருக்க வேண்டும். குடிகாரன், கோள்மூட்டி எல்லாரும் கைநீட்டி வாங்கினார்கள். ஜாஸ்பரின் மனைவி மேபல் மட்டும் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அவள்மேல் என்ன குற்றம்? பேராயரின் கப்பல் முதல் தடவை வந்தபோது அவளுக்குப் பிரசவ வலி. அடுத்த தடவை தாய்க்குத் துக்கம் காத்து வீட்டோடு கிடந்தாள். பிறகு வந்த கப்பலை அலை கரைக்கு வரவே விடவில்லை. பேராயர் மேல்தளத்தில் நின்று கையசைத்தார், ஊரும் கரையில் நின்று கையசைத்தது, கப்பல் போய்விட்டது. வருஷக்கணக்காகக் காத்திருந்ததற்கு அவ்வளவுதான் பலன்.

இப்போது மேபலுக்கு வயிற்றில் கட்டி. தலைநகர் ஹோனியாரா ஆஸ்பத்திரியிலேயே கைவிரித்துவிட்டார்கள். மசித்த சேம்புகூட உள்ளே இறங்கவில்லை.

"எனக்கும் ஒரு துண்டு குடுங்களேன். ஊருக்கே குடுக்கறீங்க" என்றாள்.

"கொஞ்சம் பொறுத்துக்க. பிஷப் ஐயா கிளம்பிட்டாராம், ரேடியோல சொன்னாங்க. அவரு உன் தலைல கை வைக்கட்டும், என் கையாலயே தர்றேன்."

"அதுக்குள்ள நான் போயிடுவேன்."

அவள் தங்கை ரோடாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்பப் பெட்டிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு, அத்தான்? பிஷப்பு என்ன, தென்னமரத்துல ஏறி உக்காந்து பாத்துட்டா இருக்காரு?"

"வாய மூடு ரோடா. இது விளையாட்டில்ல."

மனசு இல்லாமல் இல்லை. கோயிலுக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கக்கூடச் செய்தார். தகுதியில்லாமல் வாங்கினால் அவள் ஆத்துமாவுக்கே கேடாகிவிடுமோ என்று பயந்து மூடிவிட்டார், பாவி மனுஷன்.

புயலுக்குப் பயந்து கப்பல் பக்கத்துத் தீவில் ஒதுங்கியிருந்தபோது மேபல் செத்துப்போனாள். அவளைப் புதைத்த மறுவாரம் பேராயர் வந்து இறங்கினார். விருந்தாளியை வரவேற்கும் வழக்கப்படி இளவட்டங்கள் ஈட்டியோடு பாய்ந்து அவரைப் பயமுறுத்தினார்கள். அவரும் பயந்ததுபோல் நடிக்க, ஊரே சிரித்தது. ஜாஸ்பரால் சிரிக்க முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் அவரைக் கல்லறைக்குக் கூட்டிப்போனார்.

"என் சம்சாரம், ஐயா. திடப்படாமலே போயிட்டா. திருவிருந்து கேட்டா, குடுக்கல. அவளுக்காக ஜெபம் பண்ணணும்."

பேராயர் திகைத்துப்போனார். "சாகக் கிடக்கறவங்க ஆசப்பட்டுக் கேட்டா குடுத்துடலாமே, ஜாஸ்பர். அதுக்கு நான் வரணும்னு இல்லையே. யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லல ஐயா. நானும் கேக்கல."

"தெரியாமத்தானே செஞ்சீங்க. கடவுள் அதப் பெருசா..."

"அவ கெஞ்சினா, ஐயா" என்றார் ஜாஸ்பர். "நாக்கு வறண்டு போய்க் கெஞ்சினா."