தங்கச்சி வகுத்த வருடத்தில் இன்னும் ஐந்து மாதம்

இதை வாசிக்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புடன் நின்றவள். கடிதம் என்றாலும் நாலு வரிக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. பெயர்களும் ஆண்டுகளும் மறந்து போகின்றன. தங்கச்சியின் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் இந்த நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்துக்கு நான் ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று கனடாவில் இருக்கும் தம்பி தொலைபேசியில் சொன்னான். பிறந்த இடம், படித்த பள்ளிக்கூடம், பட்ட கஷ்டம், கடைசியில் எல்லாருக்கும் நன்றி, அவ்வளவும் போதுமாம். அதை எழுதத்தான் இருந்தேன். இரண்டு வரி எழுதுவதும், எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதும், திரும்பி வந்து எழுதினதை வெட்டுவதுமாக மூன்று நாள் போய்விட்டது. மனதில் வேறொன்று கிடந்து அரிக்கிறது. அதையும் இதிலேயே எழுதி விடுகிறேன். ஆட்களுக்கு முன்னால் நின்று சொல்ல எனக்கு வாய் வராது.

தங்கச்சி நெடுந்தீவில் எங்கள் பெற்றோருக்கு இரண்டாவது பெண்ணாகப் பிறந்தார். என்னிலும் பத்து வயது இளையவர். அவர் பிறந்த மாதம்தான் நான் பள்ளிக்கூடம் போவதை விட்டேன். அம்மா தோட்டத்துக்குப் போக, பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. இதைக் குறையாக எழுதவில்லை. அந்தப் பிள்ளை பிறகு படித்த படிப்பைப் பார்த்து என்னைவிடச் சந்தோசப்பட்டவர் எவரும் இல்லை. இங்கே படித்து, பின்னர் உயர்தரத்துக்கு அக்கரையில் ஓர் உறவினர் வீட்டில் நின்று படித்தார். பரீட்சைக்குச் சில வாரம் இருக்கையில் போரினால் தீவு ஆட்கள் எல்லாரும் இடம்பெயர நேர்ந்தது. நாங்கள் ஒரு கோயில் மடத்தில் போய் இருந்தோம். தங்கச்சி புத்தகத்தை விட்டுவிட்டு எங்களுக்குச் சமைக்க வந்தார். பரீட்சை எழுதவில்லை. அதைப் பற்றி அவர் எவருடனும் கதைத்ததும் இல்லை.

திருமணமாகி நெடுங்காலம் பிள்ளை இல்லை. நாற்பது வயதில்தான் மகள் மயூரி பிறந்தாள். தங்கச்சியின் கணவர் தெற்கில் ஒரு கடையில் வேலை செய்கிறார். சித்திரை வருடப்பிறப்புக்கும் மார்கழிக்கும்தான் வீட்டுக்கு வருவார். என் கணவர் காலமான பின்னர் நானும் அவர்களுடன் வந்து சேர்ந்தேன். ஆகவே வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள்.

மயூரிக்கு எட்டு வயதில் வலிப்பு வந்தது. வகுப்பில் இரண்டு தடவை விழுந்தாள். ஆசிரியர்கள் நல்லவர்கள், ஆனால் பயந்து போனார்கள். தாயார் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றார்கள். தங்கச்சி ஒரு தவணை முழுவதும் பள்ளிக்கூட வளவில் ஒரு வேம்பின் கீழ் காலையிலிருந்து இரண்டு மணி வரை இருந்தார். மகள் வகுப்பு யன்னலால் தாயைப் பார்த்தபடி இருந்தாளே தவிர ஒன்றும் படிக்கவில்லை. பிறகும் சில வருடம் விட்டு விட்டுப் போய் வந்தாள். கடைசியில் ஒரு நாள் தங்கச்சி, "அக்கா, இனிப் படிப்பு வீட்டிலதான்" என்று சொன்னார். ஊர் என்ன சொல்லும் என்றுதான் முதலில் யோசித்தேன்.

முதல் வருடம் பிழையாகிப் போனது. அவர் பள்ளிக்கூடத்து நேரசூசியை அப்படியே பார்த்து எழுதி ஒட்டினார். காலை ஏழரைக்குத் தேவாரம், நாற்பது நிமிடத்துக்கு ஒரு பாடம். மணி அடிக்கிற வேலை எனக்கு. கரண்டியால் பித்தளைத் தட்டில் அடிப்பேன். மருந்து எடுக்கிற பிள்ளை பத்து மணி வரை அரைத்தூக்கம். கணக்குப் பாடம் வரும்போது கன்று கத்தும். தகப்பனார் லீவில் வந்து நிற்கிற இரண்டு கிழமையும் பிள்ளை புத்தகத்துடன் இருப்பாள், அவர் முற்றத்தில் சும்மா நடப்பார். பாடசாலை விடுமுறை வந்தபோது அவர் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். அன்று தங்கச்சி சுவரில் இருந்ததைக் கிழித்தார். "இது வேற ஆற்றையோ வீட்டுக்குப் போட்ட வருசம் அக்கா" என்றார்.

பிறகு ஒரு பெரிய கலண்டரின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு வருடத்தை வகுத்தார். விசயதசமியில் ஏடு தொடக்குவதால் அன்றே வருடமும் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்கு எவரும் வரமாட்டார்கள், வெளிவேலையும் குறைவு. ஆகவே கணக்கு, விஞ்ஞானத்தில் கடினமானவை எல்லாம் அந்த மாதங்களில். மார்கழியில் தகப்பனார் நிற்கும் நாட்கள் லீவு. தை, மாசியில் பனங்கிழங்கு கிண்டி அவிக்கிற வேலை இருப்பதால் காலையில் பாடம் இல்லை, பின்னேரம் மட்டும். சோளகம் பெயர்ந்து தென்மேற்குக் காற்று எழும்பினால் படகு ஒழுங்காக ஓடாது, மருந்து எடுத்து வரவும் சுணங்கும். மருந்து தட்டுப்பாடானால் பிள்ளைக்குக் களைப்பு. அதனால் ஆனி, ஆடிக்குப் புதிதாக ஒன்றும் வைக்கவில்லை, படித்ததைத் திரும்பப் பார்ப்பது மட்டும். எந்த மாதத்திலும் காலை பத்துக்கு முன்னர் கணக்கு கிடையாது. வலிப்பு வந்த நாளுக்கு மறுநாள் தானாகவே லீவு. அதற்கென்று மாதத்துக்கு மூன்று நாள் வெறுமையாக விட்டிருந்தார். பரப்பளவு படிக்கிற கிழமையில் எங்கள் வளவின் கல்வேலியை நூல் பிடித்து அளந்தார்கள். அயலவர்கள் காணிச் சண்டை தொடங்கப் போகிறது என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

இந்த வருடத் திட்டத்தில் என்னுடைய பெயரும் இருந்தது. நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பிள்ளை தனியே படித்தால் அன்றைக்கே மறக்கிறாள், எனக்கு எதையாவது சொல்லிக் காட்டினால் மறப்பதில்லை என்பதைத் தங்கச்சி கண்டுபிடித்திருந்தார். ஆகவே பின்னேரம் நாலு மணிக்கு நான் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டும். அவள் அன்று படித்ததை எனக்குச் சொல்ல வேண்டும். விளங்காவிட்டால் நான் கேட்க வேண்டும். முதல் நாள் வெட்கத்தில் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினேன். தங்கச்சிக்குக் கோபம் வந்தது.

"அக்கா, விளங்கின மாதிரி நடிக்காதேங்கோ. உங்களுக்கு விளங்காமல் கிடந்தாத்தான் அவள் படிப்பாள்."

அதன் பிறகு நான் கூசாமல் கேட்டேன். குருதி ஏன் திரும்பவும் இதயத்துக்கே வர வேண்டும், வராமல் விட்டால் என்ன என்று கேட்டு, மூன்று நாள் அந்தப் பிள்ளையைப் புத்தகம் புரட்ட வைத்திருக்கிறேன்.

ஒரு முறை கல்விப் பகுதியிலிருந்து ஓர் அலுவலர் வந்தார். பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை என்று விசாரிக்க வந்தவர். நான் குசினிக்குள் ஒளிந்துகொண்டேன். தங்கச்சி மருத்துவரின் கடிதத்தையும் கலண்டரையும் காட்டினார். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, வகுப்பில் எத்தனை பேர் என்று பகிடியாகக் கேட்டார். இரண்டு பேர் என்று சொல்லித் தங்கச்சி என்னைக் கூப்பிட்டார். நான் கரிக்கையோடு வந்து நின்றேன்.

"அம்மா என்ன வகுப்பு?" என்றார்.

"அஞ்சு" என்றேன். உண்மைதானே. அவர் சிரித்தார். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரப் பரீட்சை எழுதலாம், அதற்கு விண்ணப்பிக்கிற முறை இது என்று எழுதித் தந்துவிட்டுப் போனார். அந்த விண்ணப்பத்தை இந்த மாசியில் தங்கச்சி கிராம சேவகரிடம் ஒப்பம் வாங்கி அனுப்பினார். பரீட்சை நிலையம் நெடுந்தீவு என்று போட்டிருந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன்னுடைய பரீட்சையைப் பற்றிக் கதைத்தார்.

"எனக்கு ஒருத்தரும் ஒரு வருசத்தை ஒதுக்கித் தரேல்லை அக்கா. ஆரிலயும் பிழை இல்லை, காலம் அப்படி. இவளுக்கு நான் ஒதுக்கி வைப்பன்."

அவருக்கு நோய் இருந்ததை நாங்கள் அறியவில்லை. வயிற்றுநோ என்று கஞ்சி குடித்துக்கொண்டு இருந்தார். பங்குனி தொடக்கத்தில் ஏலாமல் போய்ப் படகில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டு போனோம். ஆறு நாள்தான். நாலாம் நாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "சோளகம் பெயர முதல் விஞ்ஞானத்தை முடிச்சுப் போடுங்கோ" என்றார். வேறு புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஒரு பிழை விட்டேன். அதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். செத்தவீடு முடிந்து வந்ததும், தீட்டு, துடக்கு உள்ள வீட்டில் ஏடு தொடக்கூடாது என்று எண்ணி, புத்தகங்களை எல்லாம் வேட்டித் துணியால் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கோயிலுக்குப் போகக்கூடாதென்றால் சரஸ்வதி இருக்கிற புத்தகத்தையும் தொடக்கூடாது என்று நானாக நினைத்தேன். எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் நாலு மணிக்கு மயூரி கதிரையில் வந்து இருந்தாள். முப்பத்தொன்று கழியட்டும் பிள்ளை என்றேன். அவள் கலண்டரைக் காட்டினாள்.

"வலிப்புக்கு லீவு போட்டிருக்கிறா, அப்பாவுக்கு லீவு போட்டிருக்கிறா. துடக்குக்கு அம்மா லீவு போடேல்லை, பெரியம்மா."

அலுமாரித் திறப்பை எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து படிக்கிறாள். துடக்கு வீட்டில் பாடம் கேட்டதைச் சிலர் குறையாகக் கதைத்ததாக அறிந்தேன். அந்தக் குறை என்னைச் சேரட்டும், பிள்ளையைச் சேர வேண்டாம்.

இப்போது எனக்கு இருப்புக் கொள்ளாத விசயத்துக்கு வருகிறேன். அந்தியேட்டியன்று உறவினர் எல்லாரும் கூடியிருக்கும்போது மயூரியை யாழ்ப்பாணத்தில் தம்பி மனைவியின் வீட்டாருடன் விடுவதென்றும், அங்கே ரியூசனுக்கு அனுப்புவதென்றும் பேசி முடிக்கப் போகிறார்கள். எல்லாரும் பிள்ளையின் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். தகப்பனாரோ பெரியவர்கள் சொல்கிறபடி செய்வோம் என்று சொல்லி ஒரு மூலையில் இருக்கிறார். தம்பி என்னிடம் தொலைபேசியில், "அக்கா, நீங்கள் அஞ்சாம் வகுப்பு. அவளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்பியள்?" என்று கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை, கவலையில்தான் கேட்டான். பிறகு யோசித்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

தம்பி, நான் சொல்லிக் கொடுப்பதில்லை. சனிக்கிழமைகளில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் சைக்கிளில் வருகிறார். வவுனியாவில் இருக்கும் தங்கச்சியின் பழைய சிநேகிதி செவ்வாயும் வியாழனும் தொலைபேசியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். இருவரையும் தங்கச்சியே ஒழுங்கு செய்தார், இருவரும் இன்றுவரை ஒரு நாளும் தவறவில்லை. என்னுடைய வேலை விளங்காமல் இருப்பது. அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் யாழ்ப்பாணத்தில் கிடைக்காது.

பிள்ளையையும் கேட்டேன். "பரீட்சை எழுதிப்போட்டுப் போறன். இப்ப ஏலாது" என்றாள். புது வீடு, புது நித்திரை, வாகனச் சத்தம் எல்லாம் வலிப்பை இழுத்து வரும் என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருக்கிறார். ஆவணி முடிவில் வரும் பரீட்சைக்கும் சோளகக் கடலில் திரும்ப இங்கேதான் வர வேண்டும். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. ஐந்தே மாதம். அதன் பிறகு எங்கே அனுப்பச் சொன்னாலும் அவளுடைய பெட்டியை நானே அடுக்கித் தருவேன்.

தங்கச்சியைப் படகில் ஏற்ற உதவிய இளைஞர்களுக்கும், யாழ்ப்பாணத்தில் ஆறு நாளும் எங்களுக்குச் சோறு கொண்டு வந்த வீட்டாருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், மாட்டைப் பார்த்துக்கொண்ட அயலவருக்கும், கடல் கடந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கணக்கு ஆசிரியருக்கும் வவுனியாச் சிநேகிதிக்கும் நன்றி சொல்ல எனக்குத் தமிழ் போதாது. பெயர் விடுபட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் எழுதின பிறந்த ஊர், உறவுமுறை எல்லாவற்றையும் தம்பி ஒருக்கால் சரிபார்க்க வேண்டும். இன்னுமொரு வேண்டுகோள். இந்தப் புத்தகம் கிடைக்கிறவர்களில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். அந்தியேட்டியன்று சாப்பிட்டு முடிந்ததும் புறப்பட்டு விடாமல், உள் அறைக்கு வந்து சுவரில் இருக்கும் கலண்டரைப் பாருங்கள். ஐந்து மாதத்துக்கும் தங்கச்சி எழுதி வைத்த பாடங்கள் பரீட்சைக்குப் போதுமா, ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பென்சிலால் குறித்து விடுங்கள். பென்சில் பக்கத்தில் கட்டித் தொங்க விட்டிருக்கிறேன். எல்லாரும் இருந்து பேசுவதற்கு முன்னர் அதைப் பார்த்து விடுங்கள்.