டிஸ்க்கில் தடவிய தேங்காய் எண்ணெய்

போன வருடம் ஆடி முடிந்து ஆவணி பிறந்த சமயம். திருப்பரங்குன்றத்தில், தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. நான் தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். ஆக வீட்டில் நான், என் மகள், அப்புறம் அவளுடைய வண்டி. வண்டியையும் ஆள் கணக்கில் சேர்க்கிறேனே என்று சிரிக்காதீர்கள். அது வாசலுக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குள் அதைப் பற்றிய பேச்சு, இல்லையென்றால் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கும் கோபம், இந்த இரண்டுதான்.

மகளுக்கு இருபத்தாறு வயது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் ஜாதகத்தை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் யாரிடமோ ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். கறுப்பும் சிவப்புமாக, எந்நேரமும் யாரையோ முட்டப் போகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்கும் வண்டி. சரி, ஆபீஸுக்குப் போக வரத்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அவள் வாங்கியது ஆபீஸுக்குப் போக இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தய மைதானம் ஒன்று இருக்கிறதாம். அங்கே பணம் கட்டினால் ஒரு நாள் முழுக்க வட்டமாக ஓட்டலாமாம். போட்டியும் கிடையாது, பரிசும் கிடையாது. அதற்குப் பெயர் 'ட்ராக் டே'. அதற்காக மூன்று மாதமாக வண்டியைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

அந்தத் தயாரிப்புதான் என்னைக் குழப்பு குழப்பென்று குழப்பியது. புதுசாக எதையாவது மாட்டினால் புரியும். இவள் நல்லா இருப்பதைக் கழற்றினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கவாட்டுக் கண்ணாடி இரண்டையும் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

“ஏண்டி, நல்லா இருக்கிற கண்ணாடிய எதுக்குக் கழட்டுற?”

“ட்ராக்ல பின்னாடி பாக்கக் கூடாதும்மா. முன்னாடி மட்டும்தான் பாக்கணும்.”

கால் வைக்கும் இடத்தை மேலே தூக்கிப் பின்னுக்குத் தள்ளினாள். உட்கார்ந்தால் முழங்கால் வயிற்றில் இடித்தது. என்ஜினைக் குளிர வைக்கிற பச்சைத் திரவத்தை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றினாள். ஏன் என்றேன். “விழுந்தா அது தரையில கொட்டி, பின்னாடி வர்றவங்களுக்கு வழுக்கும்மா” என்றாள். அந்தப் பதிலில் 'விழுந்தா' என்ற ஒரு சொல் மட்டும்தான் என் தலைக்குள் போய் நின்றது.

அன்றைக்கு வெடித்துவிட்டேன். இங்கே ரோடு இல்லையா, பொம்பளைப் பிள்ளைக்கு இது தேவையா, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. “ரோட்ல போறது பயமா இருக்குன்னு நீதானம்மா சொல்ற? அங்க எதுக்க வண்டி வராது, மாடு வராது, குழி கிடையாது” என்றாள். பதில் தெரியாவிட்டால் எனக்குக் கோபம் இரட்டிப்பாகும். “போறதுன்னா போ, எங்கிட்ட பேசாத” என்றுவிட்டேன். அவளும் என் பிள்ளைதானே, பேசவில்லை. கணவருக்குப் போன் போட்டால் “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரல” என்று வைத்துவிட்டார்.

இனிமேல் சொல்வதுதான் விஷயம். வண்டி பட்டறையிலிருந்து வந்தால் அவள் வாசலில் நிறுத்திக் கழுவுவாள். எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் ஒரே உப்பு. மறுநாள் விடியற்காலையில் கோலம் போட வந்தபோது பார்த்தேன். முன் சக்கரத்தில் பளபளவென்று ஒரு வட்டத் தட்டு இருக்கும், டிஸ்க் என்பார்கள். அதில் பழுப்பாகத் துரு மாதிரி படிந்திருந்தது. அவள் உயிராக வைத்திருக்கிற வண்டி. பேச்சு இல்லாவிட்டால் என்ன, பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை. இரும்பு என்றால் எனக்குத் தெரியாதா? தோசைக்கல், பணியாரக்கல், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவித்தானே வைக்கிறோம். பழைய துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு அந்தத் தட்டை இரண்டு பக்கமும் துடைத்துப் பளிச்சென்று ஆக்கினேன். அவள் எழுந்திருக்கும் முன் துணியை ஒளித்துவிட்டேன். இறங்கி வந்துவிட்டாள் அம்மா என்று நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

அன்று சாயங்காலம் வந்தவள் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிரேக் பிடிக்கவில்லையாம், கிறீச்சென்று கத்துகிறதாம். பட்டறைக்குக் கொண்டுபோனாள். மெக்கானிக் பழங்காநத்தத்தில் கடை வைத்திருக்கிறவர், நாற்பது வயதிருக்கும், அவரை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுவது அவள் பழக்கம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடில் எண்ணெய் ஏறியிருக்கிறது, முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாயின் சீல் விட்டு அதிலிருக்கும் எண்ணெய் கசிந்திருக்கும் என்று சீலை மாற்றி, பேடையும் புதுசாகப் போட்டு, டிஸ்க்கைச் சுத்தம் செய்து கொடுத்தார். கடையில் ஓட்டிப் பார்த்தபோது அருமையாகப் பிடித்ததாம். வீட்டுக்கு வந்ததும் கழுவினாள். விடியற்காலையில் மறுபடி பழுப்பு. நான் மறுபடி துடைத்தேன்.

மறுபடியும் பிரேக் இல்லை.

இப்படி மூன்று தடவை நடந்தது. “என் கடையில நல்லா புடிக்குது, உங்க வீட்டுக்குப் போனா புடிக்க மாட்டேங்குது. எனக்கே ஒண்ணும் வெளங்கல தங்கச்சி” என்று அவர் போனில் புலம்பியது எனக்கே கேட்டது. நானும்தான் குழம்பினேன். இத்தனை பேர் பார்த்தும் சரியாகாத வண்டியை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். பிரேக் சரியாகாவிட்டால் கோயம்புத்தூர் போக மாட்டாள் அல்லவா?

ட்ராக் டேக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைச் சோதித்துப் பார்க்கக் கீழக்குயில்குடிப் பக்கம் போனாள். முந்தின நாள்தான் புதுப் பேடு போட்டு வந்திருந்தது; விடியற்காலையில் நான் வழக்கம்போலத் துடைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முழங்கையில் சட்டை கிழிந்து ரத்தம். வளைவில் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்திருக்கிறது. பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. ஆட்டின் மேலும் ஆடு மேய்த்தவர் மேலும் ஏற்றாமல் உழுது போட்டிருந்த வயலுக்குள் விட்டு விழுந்திருக்கிறாள். மண் மெத்தென்று இருந்ததால் தப்பித்தாள். மஞ்சள் எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் அதைக் கவனிக்காமல் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, “என்னயக் கொல்லப் பாக்குறீங்களா அண்ணே?” என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை.

அரை மணி நேரத்தில் அவரே வந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரேக்கைக் கழற்றினார். பேடை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி முகர்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“யக்கா, இது ஃபோர்க் ஆயில் வாடை இல்ல. தேங்கா எண்ணெ. சட்டி காஞ்ச வாடை அடிக்குது. எந்த ஊருலக்கா ஃபோர்க்குல தேங்கா எண்ணெ ஊத்துறாங்க?”

என் கையில் அவருக்குக் கொண்டுவந்த காபி. டம்ளரை அப்படியே கீழே வைத்தேன். ஒரு நிமிடம், சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன், தோன்றத்தான் செய்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். செய்யாத தப்புக்கு ஒரு மாதமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிற மனிதர்.

“நாந்தான் தம்பி. துரு ஏறுதேன்னு தொடச்சு விட்டேன்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “யக்கா, அது ரெண்டும் உரசுனாத்தானக்கா வண்டி நிக்கும்! எண்ணெயப் போட்டா எப்பிடி நிக்கும்? அந்தப் பழுப்பு ஒரு தடவ பிரேக் அமுக்குனா தானாப் போயிரும்” என்றார். மகள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். “விடு தங்கச்சி, எனக்கும் வெளங்கிருச்சுல்ல” என்று அவர் வேலையில் இறங்கினார்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஒரு மாதம் கழித்து என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“ம்மா, நான் போகக் கூடாதுன்னு பண்ணியா?”

பெற்ற தாயைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று பாய்ந்திருப்பேன். ஆனால் அவள் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். நான் போகாதே என்றவள். பேசாமல் இருந்தவள். அவள் தூங்கும்போது திருட்டுத்தனமாகப் பிரேக்கில் எண்ணெய் தடவியவள். வேறு யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் நானே அந்தத் தாயை நம்பியிருக்க மாட்டேன். இல்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? அந்த நிமிடத்தில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. பிரேக் சரியாகவில்லை என்றபோது சந்தோஷப்பட்டவள் நான்தானே.

“அன்னைக்கு மழை பெஞ்சு அது நின்னு போகணும்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்டி. அம்புட்டுத்தான். பிரேக்குப் போகணும்னு நெனைக்கல” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவள் நான் வைத்திருந்த மஞ்சளை எடுத்துத் தானே முழங்கையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நம்பினாளா இல்லையா என்று தெரியாமல் ஐந்து நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை விடியற்காலையில் வண்டியை ஏற்றிப்போகச் சின்ன லோடு வண்டி வந்தது. மெக்கானிக்கும் கூடப் போவதாக ஏற்பாடு. மகள் என் கையில் ஒரு ஸ்ப்ரே டப்பாவையும் புதுத் துணியையும் கொடுத்தாள். பிரேக்கைச் சுத்தம் செய்கிற மருந்தாம்.

“டிஸ்க்கத் தொடைம்மா.”

“ஐயையோ, நான் தொட மாட்டேன். நீயே தொடச்சுக்க.”

“நீதான் தொடைக்கணும்.”

கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். சேலையில் கூடத் துடைக்காமல் காற்றில் காய வைத்தேன். மருந்தை அடித்து, துணியின் சுத்தமான பக்கமாகத் திருப்பித் திருப்பித் துடைத்தேன். இதன் மேல்தான் என் பிள்ளையின் உயிர் நிற்கப் போகிறது என்ற நினைப்பில் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. மெக்கானிக் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

“ஒரு தடவ பாத்துக்கிறேன் தங்கச்சி.”

“வேணாம்ணே, ஏத்துங்க” என்றாள். “அம்மா தொடச்சிருக்கு.”

அவள் அன்று ராத்திரியே சிரித்த முகமாகத் திரும்பி வந்துவிட்டாள்; பத்திரமாக வட்டமாகச் சுற்றிவிட்டு வருவதில் அப்படி என்ன இருக்கிறது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, ஆனால் சரிபார்க்காமல் என் கையை நம்பி ஒருத்தி ஏறிப் போனாள் என்பது விளங்கிவிட்டது, அன்றிலிருந்து எனக்குப் புரியாத எதையும் அவளிடம் கேட்காமல் நான் தொடுவதில்லை.