ரொட்டிக் கடையில் கொடுத்த பெயர்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஆப்கானியர் நடத்தும் ரொட்டிக் கடை. சனிக்கிழமை காலை, வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. ஆர்டர் கொடுக்கும்போது பெயர் கேட்கிறார்கள். ரொட்டி வெந்ததும் அந்தப் பெயரைக் கூவுகிறார்கள். என்னை அழைத்துவந்த நண்பன் மீனாட்சிசுந்தரம், கூச்சமே இல்லாமல் "சாம்" என்கிறான். முழுப் பெயரைச் சொல்லி மாளாதாம்.

எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைத்தாடிப் பெரியவர் "கரீம்" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"போன வாரம் இவர் யூசுஃப்," என்று சுந்தரம் என் காதில் சொல்கிறான். "காபூல்ல உளவுத் துறையில இருந்தவர்டா. கவர்மென்ட் விழுந்ததும் அந்த டிபார்ட்மென்ட்டே காலி. இவர் மட்டும் இன்னும் டியூட்டியில இருக்கார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பெரியவர் கவனித்துவிட்டார். நேராக எங்களிடம் வந்து, சுந்தரத்திடம் ஆங்கிலத்தில் கேட்கிறார்: "சாம், உன் நிஜப் பெயர் என்ன?"

அவன் தயங்கிச் சொல்கிறான். ஒரே தடவை கேட்டதை, ஓர் எழுத்து பிசகாமல் அவர் திருப்பிச் சொல்கிறார்: "மீனாட்சிசுந்தரம்." அவனுடைய ஆபீஸில் இத்தனை வருஷத்தில் யாரும் முயன்றுகூடப் பார்த்ததில்லை. சுந்தரத்தின் முகம் மலர்ந்துவிடுகிறது.

"உங்கள் நிஜப் பெயர், அங்கிள்?" என்று நான் கேட்டுவிடுகிறேன்.

"அது தெரிந்த ஆபீஸை மூடிவிட்டார்கள்," என்கிறார்.

கவுண்டரிலிருந்து "கரீம்!" என்று கூவுகிறார்கள். மூன்றாவது தடவை கூவிய பிறகுதான் பெரியவர் திரும்புகிறார்.